நெடுஞ்சாலைக் கட்டுமானத்தில் மட்டமளத்தல்

நெடுஞ்சாலைக் கட்டுமானத்தில் மட்டமளத்தல் என்பது, அமைக்கப்படும் சாலையின் ஒவ்வோர் அடுக்கும் வரைபடத்தில் குறிக்கப்பட்ட உயரத்தில் அமைந்துள்ளதா என்பதை அளந்து சரிபார்க்கும் பணியாகும். இது நில அளவையியலின் ஒரு பிரிவான மட்டமளத்தலின் பயன்பாடுகளுள் ஒன்று. கட்டுமானக் களங்களில் இப்பணி பேச்சுவழக்கில் "லெவல் எடுத்தல்" என்றும் "மட்டம் பார்த்தல்" என்றும் அழைக்கப்படுகின்றது.

பெரிய சாலைத் திட்டங்களில் பல இலட்சம் கன மீட்டர் மண்ணும் கல்லும் இடம்பெயர்க்கப்படுகின்றன. எனினும் இறுதியாக இடப்படும் மேற்பரப்பு, வடிவமைப்பு மட்டத்திலிருந்து ஒரு சில மில்லிமீட்டர்களுக்கு மேல் விலகக்கூடாது. இத்துணை சிறிய அளவை மிகப் பெரிய நீளத்துக்குக் காக்க வேண்டியிருப்பதால், ஒவ்வோர் அளவீட்டுக்கும் அதனைச் சரிபார்க்கும் தனி வழி ஒன்று இருத்தல் வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதியாகக் கொள்ளப்படுகின்றது.

அடிப்படைக் கருத்துகள்

கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டம் ஒரு பரப்பு கிடையாக உள்ளதா என்பதை மட்டுமே காட்டும். சாலைப் பணிக்கு அது போதாது. சாலையின் மேற்பரப்பு பெரும்பாலும் எங்கும் கிடையாக இருப்பதில்லை. நீளவாக்கில் ஏற்றமும் இறக்கமும், குறுக்குவாக்கில் மழைநீர் வடிவதற்கான சரிவும், வளைவுகளில் வெளிவிளிம்பு உயர்த்தமும் அதற்கு உண்டு. ஆகவே சாலையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஓர் உயரம் கணக்கிடப்பட்டு எண்ணாகக் குறிக்கப்படுகின்றது. இவ்வுயரம் அப்புள்ளியின் மட்டம் எனப்படும். களத்தில் இதனை "ஆர்.எல்." எனச் சுருக்கமாகக் குறிப்பிடுவர்.

இப்பணியில் வழங்கும் முக்கியமான சொற்கள் பின்வருமாறு:

- ஆதார மட்டம்: உயரங்கள் அனைத்தும் எதிலிருந்து அளக்கப்படுகின்றனவோ அந்தச் சுழிய மட்டம். பொதுவாகச் சராசரிக் கடல் மட்டம் இதற்குக் கொள்ளப்படும்.
- மட்டக்குறி: மட்டம் அறியப்பட்ட நிலையான புள்ளி. களத்தில் "பெஞ்ச் மார்க்" எனப்படும்.
- மட்டக்கோல்: அளவுகள் குறிக்கப்பட்ட நீண்ட கோல். "ஸ்டாஃப்" என்றும் அழைக்கப்படும்.
- பின்னோக்கு: கருவியை ஓரிடத்தில் நிறுத்தியபின், மட்டம் அறிந்த புள்ளியில் நிற்கும் கோலில் படிக்கப்படும் முதல் அளவு.
- முன்னோக்கு: கருவியை அவ்விடத்திலிருந்து எடுப்பதற்குமுன் படிக்கப்படும் கடைசி அளவு.
- இடைநோக்கு: இவ்விரண்டுக்கும் இடையே படிக்கப்படும் ஏனைய அளவுகள். சாலைப் பரப்பின் மட்டங்கள் பெரும்பாலும் இடைநோக்குகளாகவே பெறப்படுகின்றன.
- மாற்றுப்புள்ளி: கருவியை அடுத்த இடத்துக்கு மாற்றும்போது முன்னோக்கும் பின்னோக்கும் எடுக்கப்படும் பொதுப்புள்ளி.
- கருவி மட்டம்: கருவியினூடான பார்வைக் கோட்டின் மட்டம்.

வரலாறு

உரோமானியர்கள் கால்வாய்களையும் சாலைகளையும் அமைப்பதற்கு நீர்ப்பள்ளத்துடன் கூடிய நீண்ட மரச்சட்டக் கருவி ஒன்றைப் பயன்படுத்தினர். ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள இக்கருவியை விட்ருவியசு என்னும் உரோமானியக் கட்டடக் கலைஞர் விளக்கியுள்ளார். தொலைநோக்கியுடன் கூடிய மட்டக்கருவிகள் பின்னாளில் உருவாயின. 1832 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளரான வில்லியம் கிராவட் "டம்பி லெவல்" என்னும் கருவியை வடிவமைத்தார். கட்டமைப்பில் எளிதான இக்கருவி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பரவலாகப் பயன்பட்டது. 1950 இல் செருமனியின் சைசு நிறுவனம், பார்வைக் கோட்டைத் தானாகவே கிடையாக்கிக் கொள்ளும் முதற் கருவியை வெளியிட்டது. 1990 இல் பட்டைக்குறியிட்ட கோலைத் தானே படிக்கும் எண்ணிமக் கருவி சுவிட்சர்லாந்தில் அறிமுகமானது.

இந்தியாவில் 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னையின் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய பணி, பின்னர் பெரும் முக்கோணவியல் அளவையாக வளர்ந்தது. அதன் தொடர்ச்சியாக நாடெங்கும் துல்லியமான மட்டக்குறிகள் நிறுவப்பட்டன. பழைய பாலங்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் அரசுக் கட்டடங்களிலும் இவ்வளவையின் மட்டக்குறிகளை இன்றும் காணலாம்.

ஆதார மட்டமும் மட்டக்குறிகளும்

ஒரு நாட்டின் ஆதார மட்டம், கடலோர நிலையங்களில் அலை ஏற்ற இறக்கங்களை நெடுங்காலம் பதிவு செய்து பெறப்படும் சராசரியாகும். இந்தியாவில் 1909 இல் நிறைவேறிய முதலாவது சரிப்படுத்தலில் ஒன்பது துறைமுகங்களின் கடல் மட்டங்கள் அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றுள் அடங்கும். பிற்காலத்தில் இந்திய நில அளவைத் துறை புதிய மட்ட வலையமைப்பு ஒன்றை அளந்து, "இந்தியச் செங்குத்து ஆதாரம் 2009" என்பதை வரையறுத்தது. பழைய ஆதாரத்தைச் சார்ந்த எண்ணையும் புதிய ஆதாரத்தைச் சார்ந்த எண்ணையும் ஒரே திட்டத்தில் கலந்து பயன்படுத்தக்கூடாது.

நாட்டின் மட்டக்குறிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்திருப்பதால், அவற்றிலிருந்து ஒவ்வொரு சாலைத் திட்டத்துக்கும் தனிக் குறிகள் ஏற்படுத்தப்படுகின்றன. இந்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலை, பாலப் பணிகளுக்கான தர விவரக்குறிப்பின்படி, ஒப்பந்ததாரர் 250 மீட்டருக்கு ஒன்றாக, அதாவது கிலோமீட்டருக்கு நான்காக, பணி மட்டக்குறிகளை நிறுவ வேண்டும். சிறுபாலங்கள், மேம்பாலங்கள், சுரங்கப்பாதைகள் ஆகியவற்றின் அருகிலும் அவை அமைதல் வேண்டும். மேலும் இக்குறிகள் மாதம் ஒரு முறை சரிபார்க்கப்பட்டு, மாற்றம் இருப்பின் பொறியாளரின் ஒப்புதலுடன் பதிவு செய்யப்பட வேண்டும்.

மாதந்தோறும் சரிபார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. பணி மட்டக்குறி என்பது பெரும்பாலும் நிலத்தில் புதைக்கப்பட்ட சிறிய கற்காரைத் தூணே ஆகும். பொக்லைனோ சரக்குந்தோ அதன்மேல் மோதக்கூடும். அருகே உயர்த்தப்படும் மண்கரையின் எடையால் தரை அமிழும்போது தூணும் சேர்ந்து அமிழக்கூடும். களிமண் நிலம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது தூண் மேலும் கீழும் நகரக்கூடும். இம்மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. குறி தவறினால், அதிலிருந்து எடுக்கப்படும் அளவீடுகள் அனைத்தும் ஒரே அளவில் தவறாகும். அவை தமக்குள் முரண்படாததால் பிழை எளிதில் வெளிப்படாது.

கருவிகள்

தற்காலக் களங்களில் மிகுதியாகக் காணப்படுவது "ஆட்டோ லெவல்" எனப்படும் தானியங்கு மட்டக்கருவியாகும். இதனை முக்காலியின்மேல் பொருத்தி, வட்டக் குமிழியை நடுவில் நிறுத்தினால், எஞ்சிய சிறு சாய்வை உள்ளே தொங்கும் ஈடுசெய்கருவி சரிசெய்துகொள்ளும். மட்டக்கோல் பொதுவாக 4 அல்லது 5 மீட்டர் நீளமுடையது. ஒன்றனுள் ஒன்றாக மடங்கும் பகுதிகளைக் கொண்டது.

எண்ணிம மட்டக்கருவி கோலின் பட்டைக்குறியைத் தானே படித்துச் சேமிப்பதால், தவறாகப் படித்தலும் தவறாக எழுதுதலும் தவிர்க்கப்படுகின்றன. கோணத்தையும் தொலைவையும் அளக்கும் "டோட்டல் ஸ்டேஷன்" கருவியால் ஒரு புள்ளியின் இடத்தையும் உயரத்தையும் ஒருசேரப் பெறலாம். ஆயினும் மேற்பரப்பு அடுக்குகளின் இறுதிச் சரிபார்ப்புக்கு மட்டக்கருவியே விரும்பப்படுகின்றது. செங்குத்துக் கோணத்தில் நேரும் சிறு பிழையும் தொலைவு கூடக்கூட உயரத்தில் பெரிதாகிவிடும் என்பதே இதற்குக் காரணம்.

அளக்கும் முறை

இருவழிச் சாலை ஒன்றின் ஒரு குறுக்குவெட்டில் மேற்பரப்பின் மட்டத்தைச் சரிபார்க்கும் முறையைக் கீழ்வரும் எடுத்துக்காட்டில் காணலாம். சாலையின் அகலம் 7 மீட்டர். மையக்கோட்டிலிருந்து இருபுறமும் 2.5 சதவீதச் சரிவு உள்ளது. அ, ஆ என்பன 250 மீட்டர் இடைவெளியில் அமைந்த பணி மட்டக்குறிகள். அவற்றின் மட்டங்கள் முறையே 52.340 மீ, 52.420 மீ. எல்லா அளவுகளும் மீட்டரில் தரப்பட்டுள்ளன.

| புள்ளி | பின்னோக்கு | இடைநோக்கு | முன்னோக்கு | கருவி மட்டம் | மட்டம் |
|---|---|---|---|---|---|
| மட்டக்குறி அ | 1.465 | | | 53.805 | 52.340 |
| இட விளிம்பு | | 1.210 | | | 52.595 |
| மையக்கோடு | | 1.125 | | | 52.680 |
| வல விளிம்பு | | 1.215 | | | 52.590 |
| மாற்றுப்புள்ளி | 1.290 | | 1.830 | 53.265 | 51.975 |
| மட்டக்குறி ஆ | | | 0.842 | | 52.423 |

கணக்கிடும் முறை எளியது. அறிந்த மட்டத்துடன் பின்னோக்கைக் கூட்டினால் கருவி மட்டம் கிடைக்கும். கருவி மட்டத்திலிருந்து இடைநோக்கை அல்லது முன்னோக்கைக் கழித்தால் அப்புள்ளியின் மட்டம் கிடைக்கும். கோலில் படிக்கப்படும் எண் சிறிதாயின் அந்த இடம் உயரமானது. பெரிதாயின் அந்த இடம் தாழ்வானது.

இங்கே மையக்கோட்டின் வடிவமைப்பு மட்டம் 52.685 மீ எனக் கொள்வோம். 3.5 மீட்டருக்கு 2.5 சதவீதச் சரிவு எனில் விளிம்புகள் மையத்தைவிட 87.5 மி.மீ தாழ்ந்திருத்தல் வேண்டும். ஆகவே விளிம்புகளின் வடிவமைப்பு மட்டம் 52.598 மீ ஆகும். அளந்த மட்டங்களை இவற்றுடன் ஒப்பிட்டால் இட விளிம்பு 3 மி.மீ, மையக்கோடு 5 மி.மீ, வல விளிம்பு 8 மி.மீ என்ற அளவில் தாழ்ந்துள்ளன. மேற்பரப்பு அடுக்குக்கு 6 மி.மீ விலகல் அனுமதிக்கப்படுமாயின், வல விளிம்பு மட்டுமே ஏற்கத்தகாதது எனத் தோன்றும்.

சரிபார்ப்பும் அதன் எல்லைகளும்

மேற்கண்ட பதிவேட்டை இரு வகையில் சரிபார்க்கலாம். முதலாவது கணக்குச் சரிபார்ப்பு. பின்னோக்குகளின் கூட்டுத்தொகை 2.755. முன்னோக்குகளின் கூட்டுத்தொகை 2.672. இவற்றின் வேறுபாடு 0.083. கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடும் 0.083. இவை சமமாக இருப்பதால், மட்டக்குறி அ முதல் ஆ வரையிலான கூட்டல் கழித்தல்களில் பிழை இல்லை என்பது உறுதியாகின்றது.

இரண்டாவது மூடல் சரிபார்ப்பு. அளவீடு மட்டம் அறிந்த ஒரு புள்ளியில் தொடங்கி, மட்டம் அறிந்த மற்றொரு புள்ளியில் முடிவடைய வேண்டும். இங்கே ஆ என்னும் குறி 52.423 மீ எனப் பெறப்பட்டுள்ளது. அதன் உண்மை மட்டம் 52.420 மீ. எனவே மூடல் பிழை 3 மி.மீ. தொலைவைக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒரு மாறிலியால் பெருக்கி, அனுமதிக்கத்தக்க மூடல் பிழை மில்லிமீட்டரில் கணக்கிடப்படுகின்றது. இந்தியப் பாடநூல்களில் சாதாரண மட்டமளத்தலுக்கு இம்மாறிலி 24 எனவும், துல்லியம் மிகுந்த பணிக்கு 12 எனவும் தரப்படுகின்றது. 250 மீட்டருக்கு வர்க்கமூலம் 0.5 ஆதலால் துல்லியப் பணிக்கான வரம்பு 6 மி.மீ ஆகும். ஆகவே 3 மி.மீ பிழை ஏற்கத்தக்கதே.

எனினும் இவ்விரு சரிபார்ப்புகளும் நிறைவேறியபின்னும் இரு கேள்விகள் எஞ்சுகின்றன.

முதலாவதாக, 3 மி.மீ மூடல் பிழையைக் கருவியின் இரு நிலைகளுக்கும் சமமாகப் பகிர்ந்தால், முதல் நிலையில் பெற்ற மட்டங்களில் 1.5 மி.மீ கழிக்கப்பட வேண்டும். அப்போது மையக்கோட்டின் விலகல் 5 மி.மீ என்பதிலிருந்து 6.5 மி.மீ ஆகின்றது. ஏற்கத்தக்கதாகத் தோன்றிய புள்ளி ஏற்கத்தகாததாக மாறிவிடுகின்றது. அளவீட்டின் பிழை அனுமதிக்கப்பட்ட விலகலில் பாதியாக இருப்பின், அந்த அளவீட்டைக் கொண்டு சாலையை ஏற்பதும் மறுப்பதும் ஐயத்துக்கு உரியனவாகும். எனவே மேற்பரப்பு அடுக்குகளைச் சரிபார்க்கும்போது மூடல் பிழை பொது வரம்பினும் மிகக் குறைவாக இருத்தல் நன்று.

இரண்டாவதாக, இடைநோக்குகள் மேற்கண்ட இரு சரிபார்ப்புகளிலும் இடம்பெறுவதே இல்லை. வல விளிம்பில் 1.215 என்பதற்குப் பதிலாக 1.251 என எழுதப்பட்டிருந்தாலும் கூட்டுத்தொகைகள் சரியாகவே பொருந்தும். மூடல் பிழையும் 3 மி.மீ ஆகவே இருக்கும். சாலையின் மட்டங்கள் எனப் பதிவாகும் எண்களே சரிபார்ப்புக்கு உட்படாமல் போகின்றன. ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு முந்தைய புள்ளியுடன் ஒப்பிடும் ஏற்ற இறக்க முறையைப் பின்பற்றினால் இடைநோக்குகளின் கணக்கும் சரிபார்க்கப்படும். ஆயினும் கோலைத் தவறாகப் படித்த பிழையை அம்முறையாலும் கண்டறிய இயலாது.

இக்குறையைப் போக்கப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன:

- கருவியை வேறோர் இடத்தில் நிறுத்தி, வேறொரு மட்டக்குறியிலிருந்து அதே புள்ளிகளை மீண்டும் அளத்தல்.
- ஒப்பந்ததாரரின் அளவையாளரும் மேற்பார்வை செய்யும் ஆலோசகப் பொறியாளரும் தத்தம் கருவிகளால் தனித்தனியே அளந்து ஒப்பிடுதல்.
- ஒரே புள்ளியில் கீழடுக்கின் மட்டத்தையும் மேலடுக்கின் மட்டத்தையும் கழித்து, கிடைக்கும் தடிப்பு இயல்பானதா எனப் பார்த்தல்.
- 3 மீட்டர் நேர்கோலைப் பரப்பின்மீது வைத்து இடைவெளியை அளத்தல். மட்டப் பதிவேட்டில் பள்ளம் எனக் காட்டப்படும் இடத்தில் நேர்கோலின் அடியில் இடைவெளி காணப்படாவிடில் பதிவேட்டை ஐயுற வேண்டும்.
- தார்க்கலவை அடுக்கில் உருளை வடிவ மாதிரிகளை வெட்டி எடுத்துத் தடிப்பை நேரடியாக அளத்தல்.

பிழைகளின் மூலங்கள்

மட்டக்கருவியின் பார்வைக் கோடு சற்றே சாய்ந்திருப்பின், பிழை தொலைவுக்கு ஏற்பப் பெருகும். பின்னோக்கையும் முன்னோக்கையும் சம தொலைவில் எடுத்தால் இப்பிழை தானாகவே நீங்கிவிடும். புவியின் வளைவாலும் ஒளிமுறிவாலும் ஏற்படும் பிழையும் இவ்வாறே நீங்கும். இப்பிழை 100 மீட்டரில் ஏறத்தாழ 0.7 மி.மீ, ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 67 மி.மீ. ஆனால் இடைநோக்குகளைச் சம தொலைவில் எடுக்க இயலாது. ஆகவே கருவியை இரு முளைச் சோதனையால் அவ்வப்போது சோதித்தல் தேவையாகின்றது. இதில் இரு முளைகளுக்கு நடுவே கருவியை நிறுத்தி அவற்றின் உயர வேறுபாடு பெறப்படும். பின்னர் ஒரு முளையின் அருகே கருவியை நிறுத்தி மீண்டும் அவ்வேறுபாடு பெறப்படும். இரண்டும் ஒவ்வாவிடில் பார்வைக் கோடு சாய்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

மட்டக்கோல் செங்குத்தாக நில்லாவிடில் படிக்கப்படும் அளவு எப்போதும் கூடுதலாகவே இருக்கும். 3 மீட்டர் உயரத்தில் 2 பாகை சாய்வு ஏறத்தாழ 2 மி.மீ பிழையைத் தரும். கோலின் மேற்பகுதி முழுமையாக நீட்டப்படாமல் இருப்பது, கோலின் அடியில் தாரோ மண்ணோ ஒட்டியிருப்பது, புதிதாக இடப்பட்ட சூடான தார்ப்பரப்பில் முக்காலியின் கால்கள் மெல்ல இறங்குவது ஆகியனவும் களத்தில் காணப்படும் பிழைகளாகும். நண்பகல் வெயிலில் தார்ப்பரப்பின் மேல் எழும் கானல் அலைகள் கோலின் எண்களை அசையச் செய்யும். இதனால் துல்லியமான பணிகள் காலையிலோ மாலையிலோ செய்யப்படுகின்றன. பார்வைத் தொலைவும் குறைக்கப்படுகின்றது.

கட்டுமானப் படிநிலைகளில் மட்டமளத்தல்

இயற்கைத் தரை: பணி தொடங்குமுன் நிலத்தின் மட்டங்கள் குறித்த இடைவெளிகளில் குறுக்குவெட்டுகளாக அளக்கப்படுகின்றன. இது ஒப்பந்ததாரரும் பொறியாளரும் சேர்ந்து செய்து கையொப்பமிடும் கூட்டு அளவீடாகும். நிரப்பப்படும் மண்ணின் அளவும் அதற்குரிய பணமும் இவற்றைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. 30 மீட்டர் அகலமுள்ள கரையின் கீழ் தரைமட்டம் 100 மி.மீ தாழ்வாகப் பதிவாகிவிட்டால், ஒரு கிலோமீட்டருக்கு 3,000 கன மீட்டர் மண் கூடுதலாகக் கணக்கில் ஏறும். மண் நிரப்பப்பட்டபின் அந்தத் தரையை மீண்டும் அளக்க வழியில்லை. இதனால் பணம் வழங்குவதில் எழும் பிணக்குகளில் இப்பதிவேடு முதன்மையான சான்றாக அமைகின்றது.

மண்கரை: மண் அடுக்கடுக்காக இடப்பட்டு ரோலரால் இறுக்கப்படுகின்றது. மென்களிமண் நிலத்தில் கரை அமிழ்வதை அறிய, அதன் அடியில் தகடுகள் பதிக்கப்பட்டு, அவற்றுடன் இணைந்த கம்பிகளின் மட்டம் பல மாதங்களுக்குத் தொடர்ந்து அளக்கப்படும். அமிழ்வு ஓய்ந்தபின்னரே மேலடுக்குகள் இடப்படும்.

சாலை அடுக்குகள்: மண்தளத்தின்மேல் சரளை அடித்தளம், ஈரக்கலவைக் கல் அடுக்கு, தார்க்கலவை அடுக்குகள் என்ற வரிசையில் இடப்படுகின்றன. கிரேடர், பேவர் ஆகிய எந்திரங்களுக்கு வழிகாட்ட, முளைகளுக்கிடையே கம்பி அல்லது நூல் இழுத்துக் கட்டப்படுகின்றது. பேவரின் உணரி இக்கம்பியைத் தொட்டு நகர்ந்து, இடப்படும் அடுக்கின் உயரத்தைச் சீராக்கும். கம்பி தொய்ந்திருந்தால் அத்தொய்வு சாலையிலும் பதிவாகும்.

அனுமதிக்கப்பட்ட விலகல்கள்

மேற்குறித்த தர விவரக்குறிப்பு, ஒவ்வோர் அடுக்கின் மட்டமும் எவ்வளவு விலகலாம் என வரையறுக்கின்றது:

- மண்தளம்: மேலே 20 மி.மீ, கீழே 25 மி.மீ.
- எந்திரத்தால் இடப்படும் கல் அடுக்கு: மேலும் கீழும் 10 மி.மீ.
- எந்திரத்தால் இடப்படும் தார்க்கலவை மேற்பரப்பு: மேலும் கீழும் 6 மி.மீ.
- சிமெந்துக் கற்காரைச் சாலை: மேலே 5 மி.மீ, கீழே 6 மி.மீ.

மேலே செல்லச்செல்ல வரம்பு இறுகுவதைக் காணலாம். ஓர் அடுக்கின் மேடு பள்ளங்களை அதற்கு மேலடுக்கு ஓரளவு ஈடுசெய்யும். கடைசி அடுக்கை ஈடுசெய்ய வேறு அடுக்கு இல்லை.

மண்தளத்திலும் கல் அடுக்குகளிலும் நீளவாக்கில் 6.25 மீட்டருக்கும் குறுக்குவாக்கில் 3.5 மீட்டருக்கும் ஒரு புள்ளியாக அளக்கப்படுகின்றது. அடுத்தடுத்த பத்து அளவீடுகளில் ஒன்று மட்டுமே வரம்பை மீறலாம். அதுவும் 5 மி.மீக்கு மேல் மீறக்கூடாது. மேற்பரப்பில் எந்தப் புள்ளியும் வரம்பை மீறலாகாது.

இவ்விவரக்குறிப்பில் மற்றுமொரு விதி கருதத்தக்கது. கீழடுக்கு வரம்புக்குள் மேடாகவும், மேற்பரப்பு வரம்புக்குள் தாழ்வாகவும் அமைந்தால், இரண்டும் தனித்தனியே விதிக்கு உட்பட்டவையாயினும் இடைப்பட்ட அடுக்கு மெலிந்துபோகும். எனவே மேற்பரப்பின் தடிப்பு 6 மி.மீக்கு மேல் குறையும்படி இவ்விரு விலகல்களும் ஒருசேர வருதல் அனுமதிக்கப்படுவதில்லை.

மட்டப் பிழையின் விளைவுகள்

தடிப்பு: 40 மி.மீ தடிப்புள்ள மேலடுக்கில் 10 மி.மீ குறைந்தால் அதன் கால்பங்கு இல்லாமற் போகின்றது. அவ்விடத்தில் விரிசலும் குழியும் முன்னதாகவே தோன்றும். மாறாக, 7 மீட்டர் அகலச் சாலையில் 10 மி.மீ கூடினால் ஒரு கிலோமீட்டருக்கு 70 கன மீட்டர், அதாவது 160 டன்னுக்கும் மேற்பட்ட தார்க்கலவை கூடுதலாகச் செலவாகும்.

நீர் வடிதல்: வளைவில் நுழையும் இடங்களில் குறுக்குச் சரிவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுகின்றது. இடையில் ஒரு குறுகிய நீளத்துக்குச் சரிவு ஏறத்தாழ இல்லாமல் இருக்கும். அங்கே சில மில்லிமீட்டர் பிழையும் நீர் தேங்கக் காரணமாகலாம். தேங்கிய நீர்ப்படலத்தின்மீது விரைந்து செல்லும் வாகனத்தின் சக்கரங்கள் சாலைப் பிடிப்பை இழந்து வழுக்கும்.

தலைமேல் இடைவெளி: நெடுஞ்சாலைகளின் வாகனச் சுரங்கப்பாதைகளுக்குப் பொதுவாக 5.5 மீட்டர் உயர இடைவெளி விடப்படுகின்றது. கீழுள்ள சாலையின்மேல் ஒவ்வொரு முறையும் புதிய அடுக்கு இடப்படும்போது இவ்விடைவெளி குறைகின்றது.

அண்டை வீடுகள்: பழைய அடுக்கை அகற்றாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை இடுவதால், தெருவின் மட்டம் உயர்ந்து வீடுகளின் வாசல் தாழ்ந்துபோகின்றது, மழைநீர் வீட்டுக்குள் புகுகின்றது. தமிழ்நாட்டின் நகரங்களில் நெடுநாளாக நிலவிய இக்குறையைக் களைய, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தபின்னரே புதிய அடுக்கை இட வேண்டும் என 2021 ஆம் ஆண்டில் மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார்.

ஆதார மட்டப் பிழை: செருமனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே இரைன் ஆற்றின்மேல் இலாவ்பன்பர்க்கு என்னுமிடத்தில் கட்டப்பட்ட பாலம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். செருமனியின் உயரங்கள் வடகடலையும், சுவிட்சர்லாந்தின் உயரங்கள் நடுநிலக்கடலையும் அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுக்கிடையே 27 செ.மீ வேறுபாடு உண்டு என்பதைப் பொறியாளர்கள் அறிந்திருந்தனர்; அதனைக் கணக்கிலும் சேர்த்தனர். ஆனால் கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் இடையே நேர்ந்த குழப்பத்தால் திருத்தம் எதிர்த்திசையில் செய்யப்பட்டது. வேறுபாடு நீங்குவதற்குப் பதிலாக இரட்டித்து 54 செ.மீ ஆனது. பாலம் முடிவதற்கு முன்பே, 2003 இல், இது கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. இரு கரைகளிலும் தனித்தனியே செய்யப்பட்ட அளவீடுகள் எத்துணை சரியாயினும், ஆற்றைக் கடந்து ஒரு கரையின் மட்டக்குறியை மறுகரையின் மட்டக்குறியுடன் நேரடியாக ஒப்பிடும் அளவீடு இத்தகைய பிழையை எளிதில் வெளிப்படுத்திவிடும்.

செயற்கைக்கோள் முறையும் தானியங்கு எந்திரங்களும்

செயற்கைக்கோள்வழி இடமறியும் கருவிகள் மண்வேலைகளில் பெரிதும் பயன்படுகின்றன. இவை தரும் உயரம், புவியை ஒத்த கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது; கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவதன்று. தென்னிந்தியாவில் சராசரிக் கடல் மட்டப் பரப்பு இந்நீள்கோளத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துள்ளது. ஆகவே சென்னைக் கடற்கரையில் இக்கருவி தரும் திருத்தப்படாத உயரம் 80 மீட்டருக்கும் மேற்பட்ட எதிர்ம எண்ணாக இருக்கும். இவ்வேறுபாடும் இடத்துக்கு இடம் மாறுவதால், களத்திலுள்ள மட்டக்குறிகளைக் கொண்டு கருவியை ஒப்புச்செய்தல் இன்றியமையாதது.

இக்கருவிகளின் உயரத் துல்லியம், நல்ல சூழலிலும், ஓரிரு சென்டிமீட்டர் அளவினது. மண்கரைக்கு இது போதுமானது, 6 மி.மீ வரம்புடைய மேற்பரப்புக்குப் போதாது. எனவே கம்பியின்றி இயங்கும் தானியங்கு பேவர்களுக்கும் கிரேடர்களுக்கும் நுண்ணிய உயரக் கட்டுப்பாடு தேவைப்படும்போது டோட்டல் ஸ்டேஷன் அல்லது லேசர் கருவி துணையாகின்றது. இவ்வெந்திரங்கள் தாம் இட்ட பரப்பின் மட்டங்களைத் தாமே பதிவு செய்யும் திறனுடையவை. எனினும் அப்பதிவைச் சரிபார்ப்பாகக் கொள்ள இயலாது. எந்திரத்தில் ஏற்றப்பட்ட வடிவமைப்புக் கோப்போ மட்டக்குறியின் எண்ணோ தவறாயின், எந்திரம் தவறான உயரத்தில் இட்டு, அது சரியானது என்றே பதிவு செய்யும். இக்காரணத்தால், எந்திரத்தைச் சாராத மட்டக்குறி ஒன்றிலிருந்து, வேறொரு கருவியால், முடிந்த பரப்பை மீண்டும் அளந்து பார்க்கும் வழக்கம் தானியங்கு முறைகள் வந்தபின்னும் தொடர்கின்றது.